முந்தானையில் முடிந்த மூன்று கட்டைகள்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: கொட்டகை முதலாளி, என்ஜின் ஓட்டுகிற அண்ணன், கரண்ட் ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்த ஜே.ஈ., எதிரே டீக்கடை வைத்திருந்த பாய், பிசிறு எடுக்கிற பெண்கள் மூன்று பேர், கம்பத்தில் ஏறுகிற வேலையில் இருந்த என் வீட்டுக்காரர். மூன்று பெண்களில் நான் ஒருத்தி. என் இடுப்பில் இருந்த பாப்பாவையும் சேர்த்தால் ஒன்பது. சூளைக்காரர் வரவில்லை. தானும் அங்கே இருந்ததாக அவர் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை நம்ப வேண்டாம்.

சுவரில் ஒரு சுவிட்சு மாட்டினார்கள். நடந்தது அவ்வளவுதான். அதற்கு ஒன்பது பேர் கூடி நின்றோமா என்று கேட்பீர்கள். எனக்கு அது என் கழுத்தில் ஏறிய தாலியை இன்னொரு முறை முடிச்சுப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஆறாவதோடு நின்றவள். விருத்தாசலத்தில் சிராமிக் கொட்டகைகள் வரிசையாக இருந்த பக்கம், பீஸ் கட்டை செய்கிற சின்னக் கொட்டகை ஒன்றில் எனக்கு வேலை. வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் இருக்குமே, பீஸ் போனால் பிடுங்கிக் கம்பி கட்டி மறுபடி செருகுவார்களே, அந்தக் கட்டை. அச்சிலிருந்து வரும்போது அதன் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அதைத் தகட்டால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவோம். சூளைக்குப் போய்வந்தால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பித்தளை பூட்டுவது எங்கள் வேலையில்லை. வெறும் பீங்கானாகவே மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்புவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டையோடுதான் பிழைப்பு. கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் டிரான்ஸ்பார்மரில் மூன்று கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து இறங்கிய பிறகு அவரேதான் திரும்பச் செருகுவார். இடையில் யாரிடமும் கொடுக்க மாட்டார், தன் ஆபீசர் கேட்டாலும். அவருடைய சட்டைகளுக்கெல்லாம் இடது பை தொங்கிப்போய், பித்தளை பட்ட இடம் பச்சையாகக் கறை பிடித்திருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. நான் பிசிறு எடுத்த கட்டையே எங்கெங்கோ சுற்றிப் பித்தளை பூட்டிக்கொண்டு வந்து அவர் நெஞ்சின் மேல் இருக்கிறதோ என்று துவைக்கும்போது நினைத்துக்கொள்வேன். அதனால் ஒரு கட்டையைக்கூட அலட்சியமாகத் துடைத்ததில்லை.

பயப்படுவது எனக்குப் பிறவிக் குணம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழி திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவளைக் கம்பம் ஏறுகிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மழைக்கு முன்னால் காற்று சுழன்றால் கை தானாக நின்றுவிடும். பக்கத்துப் பலகைக்காரி சிரிப்பாள்: "இவ வூட்டுக்காரரு ஏர்றாரு கம்பம், இவளுக்கு இங்க தல சுத்துது."

எழுபதுகளில் கரண்ட் வெட்டு வந்தது. மழை இல்லை, அணையில் தண்ணீர் இல்லை என்றார்கள். சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். எங்கள் சூளை எண்ணெய்ச் சூளை. காற்று ஊதுகிற புளோயர் சுற்றினால்தான் தீ நிற்கும். பாதிச் சூட்டில் புளோயர் நின்றால் உள்ளே இருக்கிற அத்தனையும் வீண். இரண்டு தடவை அப்படி ஆன பிறகு முதலாளி ஒரு டீசல் என்ஜின் வாங்கினார். சேத்தியாத்தோப்புப் பக்கம் மூடிப்போன டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டிய என்ஜின் அது, டைனமோவோடு சேர்த்து விலை. லாரியிலிருந்து இறக்கும்போது அதன் மேல் பழைய போஸ்டர் ஒட்டியிருந்தது. "பகல் ஆட்டம் உண்டாங்க முதலாளி?" என்று ஒருத்தி கேட்டாள். முதலாளியே சிரித்துவிட்டார்.

என்ஜின் கம்பியைக் கொட்டகை மெயினுக்கு உள்பக்கம் நேராகச் சேர்த்துவிட்டார்கள். தனியாக ஒரு சுவிட்சு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் அதற்குக் காசு இல்லை. கரண்ட் போனால் முதலில் மெயினை இறக்க வேண்டும், அப்புறம் என்ஜினை முடுக்க வேண்டும். அது என்ஜின் அண்ணன் பொறுப்பு. அவர் நல்ல மனுஷன். ஆனால் அவரும் மனுஷன்தானே.

மாட்டுப் பொங்கல் அன்று மற்றக் கொட்டகைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எங்களுக்குச் சூளை எரிந்துகொண்டிருந்ததால் லீவு இல்லை. அந்த வரிசையில் திறந்திருந்தது நாங்களும் எதிரே பாய் கடையும்தான். கம்பத்தில் ஒரு கம்பி தளர்ந்து கிடக்கிறது என்று என் வீட்டுக்காரர் வந்திருந்தார். டிரான்ஸ்பார்மரில் கட்டைகளைப் பிடுங்கினார், தெருவில் கரண்ட் போயிற்று. ஏறுவதற்கு முன்னால் ஒரு டீ குடிக்கலாம் என்று கயிற்றைத் தோளில் போட்டபடி பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கொட்டகை வாசலில் பலகையை வெயிலில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனசுக்குள் ஒரு சந்தோஷம். பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே என்ஜின் இருமிவிட்டுப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தலைக்கு மேலே தொங்கிய பல்பு எரிந்தது. மஞ்சளாக, என்ஜின் அடிக்கிற தாளத்துக்கே துடித்துத் துடித்து எரிந்தது.

பாய் சொன்னார், "பரவால்லியே, கரண்டு வந்துடுச்சு."

என் வீட்டுக்காரர் பல்பை நிமிர்ந்து பார்த்தார். கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. தொட்டுப் பார்த்தார். மூன்றும் அங்கேதான் இருந்தன.

"வரல பாய்," என்றார். "கரண்டு என் சட்டப்பையில இருக்குது."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய் மெயினை இறக்கினார். பாரம் விட்டதும் என்ஜின் சத்தம் லேசானது. பல்பு அணைந்தது. புளோயர் நின்றுவிட்ட பதற்றத்தில் அண்ணன் மெயினை மறந்திருந்தார். எங்கள் என்ஜினின் கரண்ட் மெயின் வழியாகத் தெருக்கம்பிக்குப் போய், கம்பியிலிருந்து பாய் கடைக்கு இறங்கியிருந்தது. டீ குடிக்காமல் ஏறியிருந்தால் அந்தக் கம்பியின் மேல்தான் அவர் கை இருந்திருக்கும்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு மண்மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "உடுங்கண்ணே, ஒண்ணும் ஆவலியே," என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பிப் போய் மிச்ச டீயைக் குடித்தார். அப்புறம் கம்பத்தில் ஏறினார். அவர் இறங்குகிற வரைக்கும் நான் மெயினுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அன்றைக்கு நான் துடைத்த கட்டைகள் பாதி உடைந்தன.

சாயங்காலம் வீட்டில் சோறு போடும்போது கேட்டேன். "ஏங்க, ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுங்களேன்."

"எழுதிக் குடுத்தா கொட்டாய்க்கு கரண்ட வெட்டிடுவாங்க. சூள நிக்கும். அந்த அண்ணன் எங்க போவாரு, நீ எங்க போவ?"

"நான் எங்கியும் போவல. நீங்க எங்கியும் போயிடக் கூடாது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு விளக்கினார். சேஞ்ச் ஓவர் என்று ஒரு சுவிட்சு இருக்கிறதாம். நம் ஜங்ஷனில் பாயிண்ட் போடுகிற மாதிரி. விழுப்புரத்திலிருந்து வருகிற வண்டிக்குச் சேலம் பக்கம் பாயிண்ட் போட்டால் அது திருச்சிப் பக்கம் போக முடியாது. இந்தக் கைப்பிடி மேலே இருந்தால் தெருக் கரண்ட், கீழே இருந்தால் என்ஜின், நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேரவே சேராது. மறந்தாலும் சேராது. "மறந்தாலும்" என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. மறந்தாலும் ஒன்றும் ஆகாத ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். முதலாளி மறுக்கவில்லை. அடுத்த லோடு பணம் வரட்டும், வாங்கிவிடலாம் என்றார். லோடு போயிற்று, பணம் வந்தது, எண்ணெய்க்காரர் வாங்கிக்கொண்டு போனார். அதற்கடுத்த லோடு, அதற்கும் அடுத்த லோடு.

நான் காத்திருக்கவில்லை. கரண்ட் போனதும் கையை முந்தானையில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, மரப்பலகை மேல் ஏறி நின்று, மெயினை இறக்குவேன். பிறகு பக்கத்தில் இருக்கிற மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வேன். அப்புறம்தான் "போடுங்கண்ணே" என்பேன். அண்ணன் கைப்பிடியைச் சுற்றுவார். மெயினை இறக்கினால் போதாதா என்று கேட்டால், இறக்கியதை யாராவது ஏற்றிவிடலாமே. இடுப்பில் இருக்கிறதை யார் ஏற்றுவது? இந்த வழி அவரிடம் கற்றதுதான். அவருக்குச் சட்டைப்பை, எனக்கு முந்தானை.

பெண்கள் விடுவார்களா? "கழுத்துல ஒண்ணு, இடுப்புல மூணு. இவளுக்கு நாலு தாலிடி," என்றாள் பக்கத்துப் பலகைக்காரி.

"உனக்கு வேணும்னா ஒண்ணு தரட்டுமா?" என்றேன்.

"எனக்கு இருக்கற ஒண்ணே போதும். அந்தாளு கம்பம் ஏறல, கள்ளுக்கடதான் ஏர்றாரு."

அண்ணன் மட்டும் கேலி செய்யவில்லை. நான் பிடுங்குகிற வரைக்கும் கைப்பிடியைத் தொடாமல் நிற்பார். என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தபோது ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பித்தளயத் தொடாத. பீங்கானப் புடி," என்றார்.

பாப்பாவை வார நாளில் மங்கலம்பேட்டையில் என் அக்காள் வீட்டில் விட்டிருந்தோம். பாய்க்கும் அதே ஊர்தான். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போயிருந்த நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கிய பாய் கடைக்குப் போகாமல் நேராக எங்களிடம் வந்தார். "தங்கச்சி, பாப்பாவுக்கு ஜுரம் அனலாக் கொதிக்குது. உங்க அக்கா உன்ன வரச் சொன்னாங்க. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல."

பயப்படற மாதிரி ஒன்றும் இல்லை என்று என்னிடம் யாராவது சொன்னால் எனக்கு அதற்கு மேல் காது கேட்காது. முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. வைத்தியர் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன். அது அரைத்தூக்கத்தில் கையை நீட்டி என் இடுப்பில் எதையோ பிடித்து இழுத்தது. முந்தானை முடிச்சு அவிழ்ந்து மூன்று கட்டைகளும் பாயில் உருண்டன. பாப்பா ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டது. பீங்கான் குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அப்படியே தூங்கிப்போனது.

இந்த மூன்றும் இல்லாமல் தெருக் கரண்ட் கொட்டகைக்குள் வராது. கடைசி பஸ் போய்விட்டது. போகாமல் இருந்தாலும் அந்தக் கன்னத்திலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு போயிருப்பேனா என்று தெரியவில்லை.

காலையில் ஜுரம் விட்டிருந்தது. முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். புகைபோக்கியில் புகை இல்லாததை ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டேன்.

நடந்ததை அண்ணன் சொன்னார். நான் போன கொஞ்ச நேரத்தில் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் கட்டை இல்லை. கடைகள் எல்லாம் அடைத்த பிறகு, ராத்திரியில் டீசல் தீர்ந்து என்ஜின் நின்றது. பக்கத்துக் கொட்டகைக் கட்டை பெரிய அளவு, எங்கள் பலகையில் பொருந்தவில்லை. என் வீட்டுக்காரர் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் லைன் வேலைக்குப் போயிருந்தார். கொட்டகை முழுக்க மூட்டை மூட்டையாகக் கட்டைகள் அடுக்கியிருக்கின்றன, பித்தளை வைத்தது ஒன்றுகூட இல்லை. கடைவீதிக்கு சைக்கிளில் போய், பூட்டிய கடைக்காரரை வீட்டிலிருந்து அழைத்து வந்து, மூன்று வாங்கி மாட்டுவதற்குள் சூளை ஆறிவிட்டது.

முதலாளி சூளை வாசலில் நின்றிருந்தார். கையில் பாதி வெந்த கட்டை ஒன்று இருந்தது, பளபளப்பு ஏறாமல் தேமல் பிடித்த மாதிரி. நான் முடிச்சை அவிழ்த்து மூன்று கட்டைகளையும் அவர் முன்னால் பலகையில் வைத்தேன்.

"ஆயிரக்கணக்குல கட்ட செய்யற எடத்துல மூணு கட்ட இல்லாம நின்னோம்மா," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு, "கொழந்தைக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"எறங்கிடுச்சுங்க."

நஷ்டம் முழுவதையும் என்னால் அடைக்க முடியாது என்று அவருக்கே தெரியும். தொண்ணூறு ரூபாய் என் பேரில் வைத்தார். வாரக் கூலியில் மூன்று மூன்று ரூபாயாகப் பிடித்துக்கொள்வது என்று பேச்சு. நான் தலையை ஆட்டினேன்.

மத்தியானம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டுக் கொட்டகைக்கே வந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்துப் பலகைக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

"பணத்தப் புடிச்சுக்குங்க முதலாளி, அது நாயம்தான்," என்றார். "ஆனா ஒண்ணு. நாளைக்கு கரண்டு போனா இவ மறுபடி முடிஞ்சிக்குவா. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்."

என்ஜின் அண்ணன் எங்கிருந்தோ குரல் கொடுத்தார், "அது முடியாம நானும் என்ஜினத் தொட மாட்டேங்க."

முதலாளி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னா எல்லாரும் யூனியனா?" என்றார். கையிலிருந்த பாதி வெந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு லோடா நாள் கடத்தினேன். இந்த ஒரு லோடுல அந்த மாதிரி நாலு சுவிட்சு வாங்கியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதலாளியே கரண்ட் ஆபீஸில் முறையாக எழுதிக் கொடுத்தார். சுவிட்சு வாங்க மனைவியின் வளையல் வங்கிக்குப் போனதாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

ஆக, அந்த நாள். இரும்புப் பெட்டி ஒன்றில் நீளமான கைப்பிடி. ஜே.ஈ. ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தார். பெட்டியைத் திறந்து எங்களையும் பார்க்கச் சொன்னார்: தகடுகள் மேலே போய்க் கடித்தன, நடுவில் வாயைத் திறந்தன, கீழே போய்க் கடித்தன. பாப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மாதிரியே செய்து பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். டிரான்ஸ்பார்மரில் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். முதலாளி கைப்பிடியைக் கீழே தள்ளினார். அண்ணன் என்ஜினை முடுக்கினார். புளோயர் சுற்றியது.

எல்லோரும் ரோட்டைக் கடந்து பாய் கடைப் பல்பைப் பார்த்தோம். எரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றும் எரியவில்லை.

"எரியாத பல்ப இவ்ளோ பேரு வேடிக்க பாக்கறத இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றார் பாய். "டீயாவது குடிங்க."

ஜே.ஈ. கையெழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் டீயைக் குடித்துவிட்டு, வந்தது வந்தோம், கொட்டகைக்கு வருகிற இணைப்பை மேலே ஒரு தரம் இறுக்கிவிடுகிறேன் என்று கம்பத்தில் ஏறினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என்ஜின் ஓடும்போது, என் முந்தானையில் ஒன்றும் இல்லாமல், அவர் மேலே. என் கை இடுப்புக்குப் போய் வெறும் சேலையைப் பிடித்துக்கொண்டது. உள்ளே திரும்பிப் பார்த்தேன்.

முதலாளி கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை அதன் மேலேயே இருந்தது. மறந்தாலும் சேராத சுவிட்சு அது, பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையே இல்லை. பாய் கொண்டுபோய்க் கொடுத்த டீயைக்கூட வாங்காமல், "அவரு எறங்கட்டும்," என்றார். என் வீட்டுக்காரர் இறங்கிக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்ட பிறகுதான் கையை எடுத்தார். டீ ஆடை கட்டியிருந்தது. அதையே குடித்தார்.

அந்தச் சனிக்கிழமை கூலி வாங்கும்போது எண்ணிப் பார்த்தேன். முழுதாக இருந்தது. "மூணு ரூவா புடிக்கலீங்களே," என்றேன்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா," என்றார்.

அடுத்த வாரமும் கேட்டேன், அதற்கடுத்த வாரமும். அதே பதில்தான். சுவிட்சு வாங்குவதை லோடு லோடாகத் தள்ளிய மாதிரியே இதையும் தள்ளினார். நானும் கேட்பதை விட்டேன். அவர் இருந்த வரைக்கும் அந்தக் கணக்கை அடிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. என் வீட்டுக்காரர் கம்பத்திலேயே வேலை பார்த்து, கம்பத்திலிருந்து இறங்கி, ஓய்வு பெற்று, இப்போது உள்ளே தூங்குகிறார். சுவிட்சு வருவதற்கு முன்னால் தொண்ணூறில் நான் ஏழு வாரம் கொடுத்திருக்கிறேன். அறுபத்தொன்பது ரூபாய் பாக்கி.